கலண்டர்த் தாளின் பின்பக்கம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போன் தானாக அறுந்துபோகவில்லை. நான்தான் நிறுத்தினேன். பிறகு நீ நாலு தரம் எடுத்தாய். நாலு தரமும் அது மேசையில் கிடந்து அதிர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம், இங்கே சிக்னல் சரியில்லை, நானும் அம்மாவும் நல்ல சுகம் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா சுகமாக இல்லை, நானும் இல்லை. இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நீ "என்னப்பா" என்று ஒரு சொல் கேட்டாலே நான் மழையைப் பற்றியோ மாங்காயைப் பற்றியோ கதைக்கத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து அனுப்புவேன். மாறி வாசிக்காதே, மூலையில் இலக்கம் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருசம் பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளனாக இருந்து, வந்த பஸ்ஸையும் போன பஸ்ஸையும் வரிசையாக எழுதினவன், இதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

முதலில் பெரியதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நேற்றைக்கு அல்ல, அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. கடைசி இரண்டு வருசமாக, அம்மாவோடு கதைக்கிறேன் என்று நினைத்து நீ கதைத்ததெல்லாம் என்னோடுதான். போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து, அம்மாவை அதற்கு முன்னால் இருத்திவிட்டு, நான் போனுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருப்பேன். என் மடியில் பழைய கலண்டரில் கிழித்த தாள்கள் இருக்கும். பின்பக்கம் வெள்ளை. தடித்த பேனையால் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பேன். பேத்திக்குப் பல்லு விழுந்ததோ, அங்கே குளிர் தொடங்கிவிட்டதோ, மருமகள் எங்கே, வேலைக்குப் போய்விட்டாவோ, இப்படி. நீ ஒன்று சொல்லச் சொல்ல நான் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பேன், அம்மா வாசிப்பாள். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருசம் வாசித்துக் காட்டியவள் அல்லவா, எந்தத் தாளைக் காட்டினாலும் தானே நினைத்துச் சொல்வது போல ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். ஒரு தரம் நீ ஏதோ பகிடி விட்டாய். அவளுக்கு விளங்கவில்லை. நான் அவசரத்தில் "சிரி" என்று எழுதிக் காட்டினேன். அவள் உன் முகத்தைப் பார்த்து, "சிரி" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அம்மா இன்னும் ரீச்சர்தான் என்றாய். நானும் பின்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். போன் வைத்த பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

பின்னேரத்தில் கதைக்கிற வழக்கத்தைக் காலைக்கு மாற்றியதும் இதற்காகத்தான். பொழுது சாயச் சாய அவளுக்குக் குழப்பம் கூடும். பின்னேரத்தில் இங்கே கரண்ட் போகிறது என்று உனக்குச் சொன்னேன். அந்தக் காலத்தில் உண்மையாகவே கரண்ட் போனது எனக்கு வசதியாகிவிட்டது. பிறகு ஒழுங்காக வரத் தொடங்கியும் நான் உனக்குத் திருத்திச் சொல்லவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருசம் ஓடியது, ஒருநாளும் பிந்தாமல்.

இனிக் காய்ச்சலுக்கு வருகிறேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். என்னோடு இருபத்தாறு வருசம் வேலை செய்த டிரைவர் மாமாவை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க விட்டவர். அவர் நெஞ்சுவலியில் திடீரென்று செத்துப்போனார். கூட்டம் கூடக்கூடாது, செத்தவீட்டுக்குக் குடும்பத்து ஆட்கள் மட்டும் போகலாம் என்று சொல்லியிருந்த நேரம். அம்மா வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றாள். "போகாதேங்கோ. அவரின்ரை மனுசியோடை போனிலை கதையுங்கோ, காணும்" என்றாள். நான் கத்தினேன். கூட வேலை செய்தவனின் செத்தவீட்டுக்குப் போகாதவன் மனிசனோ என்று கேட்டேன். கலியாணத்துக்குப் போகாமல் விட்டால் மன்னிப்பார்கள், செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுகிற ஊர் இது. போனேன். அவருடைய தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதேன். என்னைப் போலவே யோசித்த இன்னும் எத்தனையோ பேர் அங்கே வந்திருந்தார்கள். திரும்பி வந்து, வழக்கம்போல வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த வேட்டியோடு தலையில் அள்ளி வார்த்தேன். காய்ச்சலை நினைத்துப் பத்து வாளி கூடவே வார்த்தேன். செத்தவீட்டுத் துடக்கும் கிருமியும் ஒரே தண்ணீரில் கழுவுப்பட்டுப் போகும் என்று நினைத்த மடையன் நான். அம்மா நீட்டிய துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாயா, முழுகியாகிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று அவளுக்கு நியாயமும் சொன்னேன்.

நாலாம் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. இரண்டு நாள் படுத்து எழும்பிவிட்டேன். பிறகு அம்மா படுத்தாள். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.க்குச் சொன்னால் வந்து பரிசோதிப்பார், படலையில் அறிவித்தல் ஒட்டுவார், எங்கே தொற்றியது என்று விசாரித்தால் செத்தவீட்டுக் கதை வெளியே வரும், அழுதுகொண்டிருக்கிற அந்த வீட்டு ஆட்களையும் கொண்டுபோய் அடைப்பார்கள் என்று பயந்தேன். ஊர் என்ன சொல்லும் என்றும் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அதைத்தான் கூட யோசித்தேன். மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு வேது பிடிக்க வைத்தேன். ஐந்தாம் நாள் அவள் சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு, "இஞ்சருங்கோ, மூச்சை இழுத்து இழுத்து எடுக்க வேண்டிக் கிடக்கு" என்றாள். அன்றைக்கும் நான் அசையவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். ஒரு பஸ் ஏழு நிமிசம் பிந்தி வந்தால் டிரைவரை நாலு பேருக்கு முன்னால் வைத்துக் கிழித்தவன் நான். என் மனுசியை இரண்டு நாள் பிந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பதினொரு நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தடிமன், மூக்கும் தொண்டையும் அடைத்துப் போனது, கதைக்க முடியாது என்று உனக்குச் சொன்னேன். நீ அங்கிருந்து, ஆவி பிடிக்கச் சொல்லுங்கோ அப்பா என்றாய்.

பிழைத்து வந்தாள். நான் நினைத்தேன், அவ்வளவுதான், கண்டம் கழிந்தது என்று. வந்தவளுக்கு மணம் மட்டும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கறித்தூளை நீ அறிவாய். மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது அம்மா சட்டியைப் பார்க்கவே மாட்டாள். வேறு வேலை செய்துகொண்டு நிற்பாள், மணம் ஒரு பதத்துக்கு வந்ததும் ஓடிவந்து இறக்குவாள். கண்ணால் வறுத்தால் தூள் கறுக்கும், மூக்கால் வறுக்க வேண்டும் என்று உனக்கும் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்றாம் மாதம் உனக்கென்று வறுக்க வெளிக்கிட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். எனக்கு அங்கேயே தும்மல் வந்து, இருமி இருமிக் குசினிக்குள் ஓடினேன். புகைக்குள் நின்று அமைதியாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். சட்டியில் கரி. "இன்னும் மணம் வரேல்லை, பொறுங்கோ" என்றாள். கனபேருக்கு இப்படிப் போய்த் திரும்பி வந்தது, இவளுக்கும் வரும் என்று இருந்தேன். வரவில்லை. மணத்துக்குப் பின்னால் சொற்களும் போகத் தொடங்கின. அகப்பையைக் காட்டி, அது, அது, கிண்டுகிறது என்பாள். உப்பை இரண்டு தரம் போடுவாள், போட்டாய் என்றால் போடவில்லை என்று சண்டைக்கு வருவாள். அதற்குப் பிறகு உனக்கு வந்த தூள் எல்லாம் சந்தியில் உள்ள மில்லில் வாங்கியது. பழைய போத்தல்களில் போட்டு, அம்மாவைக் கொண்டு உன் பெயரை மூடியில் எழுதுவித்து, யார் உன் பக்கம் போனாலும் கொடுத்துவிட்டேன். போன வருசம் நீ என்ன சொன்னாய், எத்தனை கடைத் தூள் வாங்கினாலும் அம்மாவின் கைமணம் வராது என்றாய். அந்தப் புகழை மில்காரருக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், சொன்னால் விலையைக் கூட்டிவிடுவார்.

ஒருநாள் பின்னேரம் அவள் படலையைத் திறந்துகொண்டு மானிப்பாய் றோட்டு வரைக்கும் போய்விட்டாள். கீரிமலைப் பஸ் கொண்டக்டர் ஒருவர் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எந்த வீடு என்று கேட்டதற்கு, தான் பிறந்த வீட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டொக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையான பிள்ளை. என்ன மாதம் அம்மா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சத்தம் வராமல் சொண்டை அசைத்து, ஆவணி என்று காட்டினேன். அவளும் ஆவணி என்றாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்கள் சொல்லிக் குடுக்காதேங்கோ. பிழையெண்டாலும் அம்மாவே சொல்லட்டும்" என்றார். பிறகு ஒரு வட்டம் கீறிய தாளைக் கொடுத்து, அதை மணிக்கூடு ஆக்கி, பதினொன்று பத்துக்கு முள்ளை வைக்கச் சொன்னார். அம்மா இலக்கங்களை எல்லாம் ஒரு பக்கத்திலேயே நெருக்கி எழுதினாள். பன்னிரண்டுக்கு இடம் போதவில்லை, அதை வட்டத்துக்கு வெளியே எழுதினாள். முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனையைப் பிடித்தபடியே இருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவனின் மனுசி, அவன் எத்தனை மணிக்கு வருவான் என்று பார்த்துப் பார்த்துச் சோறு வடித்தவள், அந்த வட்டத்துக்குள் நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பேனையைப் பறித்து நானே கீறிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

அந்தக் காய்ச்சல்தான் இதைச் செய்ததோ என்று கேட்டேன். அவர் அடித்துச் சொல்லவில்லை. வயது போகப் போக மூளையில் வருகிற தேய்வு அம்மாவுக்குள் முன்னமே மெல்லத் தொடங்கியிருக்கலாம் என்றார். இப்படியான வைரஸ் காய்ச்சல் பலமாக வந்து, உடம்பெல்லாம் அழற்சி ஏறி, ஒட்சிசனும் குறைந்து போனால், இளம் மூளை தேறுவது போல முதிர்ந்த மூளை தேறாது, ஆறுதலாக, மெல்ல வர இருந்தது விரைவாக வரலாம் என்றார். மணத்தை அறிகிற இடமும் ஞாபகம் இருக்கிற இடமும் மூளைக்குள் அடுத்தடுத்த வளவுகள் மாதிரி என்றார். யாருக்கு வரும், எவ்வளவு காலம் இருக்கும் என்று உலகத்தில் இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். காய்ச்சல் வராவிட்டாலும் இது வந்திருக்கலாம், உங்கள் மேல் பழியைப் போடாதேங்கோ ஐயா என்றார். நல்ல பிள்ளை. ஆனால் அவருக்குச் செத்தவீட்டுக் கதை தெரியாது, இரண்டு நாள் பிந்தின கதையும் தெரியாது. பத்து வருசம் கழித்து வர வேண்டியதை நான் முன்னுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

ஏன் உனக்கு மறைத்தேன் என்று கேட்பாய். முதலில் உன் விசா அலுவல் முடியாமல் இருந்தது, வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்றாய். பிறகு வேலை மாறினாய். பிறகு வீடு வாங்கினாய். ஒவ்வொரு தரமும், இப்போது சொன்னால் பிள்ளை குழம்பிப்போவான், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், பதினொரு வீடு, எட்டு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். எட்டு வீட்டிலும் போனில் நல்ல சுகம் என்றுதான் சொல்கிறார்கள். சீனி கூடிச் சலரோகத்தில் கால்விரல் எடுத்தவரும் நல்ல சுகம், கண் தெரியாமல் சுவரைப் பிடித்து நடக்கிறவரும் நல்ல சுகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பதில் எங்கள் ஆட்களை வெல்ல ஒருவராலும் முடியாது. பிள்ளைகளின் மேல் உள்ள அன்பில்தான் செய்கிறோம். நீங்களும் அதே அன்பில் எங்களுக்கு எதையெதை மறைக்கிறீர்களோ, யார் கண்டது. இரண்டு பக்கமும் நல்ல சுகமாக இருந்து, ஒருவரை ஒருவர் அறியாமலே கிழமைகள் போகின்றன.

வீமனை உனக்கு ஞாபகம் இருக்கும். சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது உனக்கு ஒன்பது வயது. நாயைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை, கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தேன். ஒழுங்கைக் கடைசி வீட்டு அண்ணை வெளிக்கிடவில்லை, அவர் வீமனைப் பார்த்துக்கொள்கிறார் என்று உனக்குச் சொன்னேன். அங்கே இருந்த ஆறு மாதமும் நீ கேட்டாய். ஆறு மாதமும் அது சோறு தின்றதையும் குரைத்ததையும் நேரே கண்டவன் போலச் சொன்னேன். திரும்பி வந்தபோது, அந்த அண்ணை எங்களுக்கு முன்னமே வெளிக்கிட்டுப் போனவர் என்பதை அவருடைய வாயாலேயே கேட்டவன் நீ. ஒரு கிழமை என்னோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து நின்று, "செத்துப்போச்செண்டு சொல்லியிருந்தா நான் அழுதிருப்பன். நீங்கள் என்னை அழவும் விடேல்லை அப்பா" என்றாய். அன்றைக்கு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, இனிமேல் மறைக்கமாட்டேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றவில்லை. உன் அம்மாவை நீ கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்த இரண்டு வருசத்தில், உன்னை அழவிடாமல் நூறு தாளில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று இனி உள்ளபடி சொல்கிறேன். சாப்பிடுவாள். நான் வார்த்துவிட்டால் முழுகுவாள். தேவாரம் ஒரு சொல் பிசகாமல் பாடுவாள், பாடி முடிந்ததும் நாங்கள் சாப்பிட்டாச்சோ என்று மூன்று தரம் கேட்பாள். என்னைத் தன் புருசன் என்று தெரிகிற நாளும் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்திருக்கிறார் என்று எழும்பி நிற்கிற நாளும் உண்டு. நாற்பத்தைந்து வருசம் என்னோடு வாதாடினவள் இப்போது நான் எதைச் சொன்னாலும் ஓம் என்கிறாள். முன்பென்றால் ஒரு மீன் வாங்கிவந்தாலும், இன்றைக்கு மயிலிட்டிக் கரைக்கு வந்த மீன் என்று யார் சொன்னது, கண்ணைப் பாருங்கோ, முந்தநாள் மீன் என்று என்னைத் திரும்பக் கடைக்கு அனுப்புவாள். ஒரு நாளாவது, உங்களுக்கு என்ன விசரோ என்று கேட்கமாட்டாளா என்று ஏங்குகிறேன். வேண்டுமென்றே கறிக்குத் தேங்காய்ப்பால் விடாமல் வைத்துப் பார்த்தேன். நல்லாய் இருக்கு என்று சாப்பிட்டாள். பக்கத்தில் இருக்கிறவளைத் தேடுகிறேன் தம்பி. கையைப் பிடித்துக்கொண்டே தேடுகிறேன்.

ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணிபோல அவளுக்கு ஒரு அவசரம் வரும். மணிக்கூடு பார்க்கத் தெரியாது, வெயிலைப் பார்த்தோ என்னவோ அறிந்துவிடுவாள். குடையை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய் நிற்பாள். கேட்டால், "தம்பி பள்ளிக்கூடத்தாலை வாற நேரம்" என்பாள். நீதான். வெள்ளைச் சேட்டில் மை ஊற்றிக்கொண்டு, சைக்கிளில் ஒரு கையை விட்டு வருகிற நீ. உனக்கு முட்டை பொரித்து மூடி வைக்கச் சொல்வாள். அரை மணித்தியாலம் நிற்பாள். நான் போய், இன்றைக்கு அவனுக்கு மேலதிக வகுப்பு, பிந்தித்தான் வருவான் என்று சொல்லிக் கூட்டிவருவேன். இதுவும் பொய்தான், இந்தப் பொய்க்கு நான் வெட்கப்படவில்லை. சில நாளில் கூட்டிவரப் போன நானும் அவளோடு நின்றுவிடுவேன். ஒழுங்கை திரும்புகிற இடத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்போது எனக்கும் நீ வந்துவிடுவாய் போலத்தான் இருக்கும்.

உனக்கும் அந்தக் காய்ச்சல் இரண்டு தரம் வந்தது என்று மருமகள் ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். நீ சொல்லவில்லை, அப்பனுக்குப் பிறந்த பிள்ளை. உன்னைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. இளம் ஆட்களில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள் என்று டொக்டர் சொன்னார். ஆனால் உனக்கும் ஒருநாள் வயது போகும். பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொள். போட வேண்டிய ஊசிகளைப் போடு. காய்ச்சல் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. போகக்கூடாத நேரத்தில் ஒரு செத்தவீடு வந்தால் வீட்டில் இருந்து அழு, செத்தவர் கோவிக்கமாட்டார். ஒருநாள் சொல் தடக்கினால், மணம் குறைந்தால், உன் மனுசிக்கு முதலில் சொல். அவள் கேட்கும்போது "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதே. அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி நான் பட்டது போதும்.

இனிப் போன ஞாயிறு. நீ பேத்தியின் நடன வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான், சலங்கை வாங்கியாயிற்றோ என்று எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா பார்த்தாள், வாசிக்கவில்லை. கிட்டக் கொண்டுபோனேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன உது, ஆர் கீறினது?" என்றாள். வாசிப்பும் போய்விட்டது. நீ என்னம்மா, என்னம்மா என்று கேட்டாய். நான் எழும்பிப் போனை நிறுத்தினேன். சீனிப் பேணியைத் துடைத்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"உந்தப் பெடியன் ஆர்?"

நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவளே சொன்னாள். "ஒவ்வொரு கிழமையும் வந்து கதைக்கிறான். நல்ல பெடியன், மரியாதையான பிள்ளை. அவனுக்குத் தாய் இல்லையோ?"

இருக்கிறா, தூரத்தில் இருக்கிறா என்றேன்.

"பாவம். அதுதான் முகம் வாடிக் கிடக்கு" என்றாள். "ஒருநாளைக்கு இஞ்சை வரச் சொல்லுங்கோ. தம்பியும் பள்ளிக்கூடத்தாலை வந்திடுவான், ரெண்டு பேருக்கும் ஒண்டாச் சோறு போடலாம்."

தம்பி, மிச்சம் இருந்த கலண்டர்த் தாள்களில்தான் இதை எழுதுகிறேன். அவை இனி வேறு எதற்கும் தேவைப்படாது. வருகிற ஞாயிறு நான் போனுக்குப் பின்னால் இருக்கமாட்டேன், அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். பிழையென்றாலும் அவளே சொல்லட்டும். நீ யார் என்று கேட்டால் நீயே பதில் சொல். அழுகை வந்தால் அழு, நான் வேறு கதைக்குப் போகமாட்டேன். அடுத்த வருசம் மார்கழியில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அது என் புளுகைக் கேட்டு நீ போட்ட நாள். உன் வேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரியும், இருந்தும் கேட்கிறேன், முன்னுக்கு வா. நான் ஒருநாளும் உன்னிடம் வா என்று கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். வந்து, நான்தான் உங்கள் மகன் என்று அவளோடு வாதாடாதே. ஒழுங்கை திரும்புகிற இடத்தால் ஒன்றரை மணிக்கு நடந்து வா. குடையோடு நிற்பாள். உன்னை அடையாளம் காண்பாளோ மாட்டாளோ, அதை நான் சொல்ல முடியாது. உள்ளே கூட்டிவருவாள். மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்திருப்பேன், ஒன்று பள்ளிக்கூடத்தால் வருகிற தம்பிக்கு, மற்றது தாய் இல்லாத அந்தப் பெடியனுக்கு. இரண்டையும் நீதான் சாப்பிட வேண்டும்.

அப்பா